12 ஏக்கர் சரளை நிலம்: எந்தப் பக்கமிருந்து தோண்டுவது, மண்ணை எங்கே திருப்பிப் போடுவது?

மூனாவது_தீம்பார்
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவே பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து பிரிந்து வந்த 12 ஏக்கர். கிராண்ட் (நிலப் பட்டா) எங்கள் கூட்டுறவின் பெயரில் இருக்கிறது, நில வகை விவசாயம். கிழட்டு ரப்பர் எல்லாம் வெட்டியாகிவிட்டது. நிலம் ஏறக்குறைய சதுரம், 220க்கு 220 மீட்டர். மேற்கே 15 மீட்டர் அகல ஆறு, கிழக்கே தோட்டச் சாலை. நான்கு இடத்தில் எஸ்கவேட்டர் விட்டுப் பார்த்ததில் மேலே 1.2 மீ. மண், அதன் கீழே 4.5 மீ. சரளை, அதற்கும் கீழே வெள்ளைக் களி. 3 மீட்டரில் தண்ணீர் ஊறுகிறது.

சரளையைத் தோண்டி விற்க வந்திருக்கும் குத்தகைக்காரர் கணக்கு இது: "12 ஏக்கரை 4.5ஆல் பெருக்குங்கள், இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கனமீட்டர். மேல்மண்ணையும் நானே ஏற்றிக்கொள்கிறேன். முடிந்ததும் மீன் குளமாக விட்டுவிடுகிறேன்." கமிட்டியில் பாதிப் பேருக்குக் குளம் சம்மதம். மீதிப் பேர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்தே ஆகவேண்டும் என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன கேட்கவேண்டும்?

பழைய_கிராணி
முதலில் காகிதம். சொந்த நிலமானாலும் கல், மணல், சரளை எதையும் எல்லைக்கு வெளியே கொண்டுபோக நில அலுவலகத்தின் போராங் 4சி (4சி படிவம்) பெர்மிட் வேண்டும். தேசிய நிலச் சட்டத்தில் இவை "பாஹான் பத்துவான்", அதாவது பாறைப் பொருள். மாநிலத்துக்கு ராயல்டி உண்டு. கிராண்டில் விவசாயம் என்று இருந்தால் நிபந்தனை மாற்றம் தேவையா என்பதையும் அதே மேசையில் கேளுங்கள்.

அடுத்து ஊராட்சி மன்றம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதி, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவுப்படி மண்வேலைப் படம். ஜேஏஎஸ்ஸிடம் (சுற்றுச்சூழல் துறை) 2015 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையின் எந்தப் பட்டியலில் இது விழுகிறது, விழவே இல்லையா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு ஃபைலில் இடமில்லை.

இவை எல்லாம் யார் பெயரில்? கூட்டுறவின் பெயரில் என்றால் குத்தகைக்காரர் ஓடிப்போனாலும் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வைப்புத்தொகையை அதற்குத் தகுந்தபடி கேளுங்கள்.

அளவுச்சங்கிலி
தீம்பார் அண்ணே, அந்த 218,000 கனமீட்டர் தாளில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் அளவுகளை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டி கரைக்கு 20 மீட்டர் ரிசர்வ் சொல்கிறது. அதற்கு உள்ளே கரை மேட்டுக்கு இன்னொரு 10 மீட்டர். மற்ற மூன்று பக்கமும் வேலி, கான் (வடிகால்), நடைபாதை என்று 10 மீட்டர் வீதம் விட்டால் தோண்டக்கூடிய மேல்வாய் 180க்கு 200, அதாவது 36,000 ச.மீ. இங்கேயே கால்வாசி போய்விட்டது.

அடுத்தது சரிவு. கடைசியில் நிற்கவேண்டிய கரை ஒன்றுக்கு மூன்று, 1 மீட்டர் இறங்க 3 மீட்டர் உள்ளே போகவேண்டும். 5.7 மீ. ஆழத்துக்கு நாலாபக்கமும் 17.1 மீட்டர். சரளையின் மேல்முகம் 33,300 ச.மீ., நடுமட்டம் 28,600, அடிமட்டம் 24,200. மூன்றையும் முறைப்படி சேர்த்தால் சுமார் 128,800 கனமீட்டர். குத்தகைக்காரர் சொன்னதில் 59 விழுக்காடு.

சிலர் "செங்குத்தாகத் தோண்டிவிட்டுக் கடைசியில் மண் கொட்டிச் சரிவு கட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். தண்ணீருக்குள் கொட்டும் மண் ஒன்றுக்கு மூன்றில் நிற்காது, கூழாகி அடியில் பரவிவிடும். சரிவை வெட்டும்போதே விட்டுவரவேண்டும், பிறகு சேர்க்கமுடியாது.

மூனாவது_தீம்பார்
59 விழுக்காடா! கமிட்டியில் இதைச் சொன்னால் நாற்காலி பறக்கும். டன் கணக்கில் எவ்வளவு வரும்?

அளவுச்சங்கிலி
நிலத்தில் இருக்கும்போது கனமீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால் 232,000 டன். அதில் எவ்வளவு விலைபோகும் என்பதைக் கல்சலிப்பு சார்தான் சொல்லவேண்டும்.

பணம் எந்தக் கனமீட்டருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிலத்தில் 1 கனமீட்டர் லோரியில் ஏறும்போது 1.12 முதல் 1.15 வரை உப்பும். "கனமீட்டருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்)" என்று மொட்டையாக எழுதினால் இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான அளவைச் சொல்வார்கள். எடைமேடைச் சீட்டுப்படி டன்னுக்குப் பணம், மாதம் ஒருமுறை அளவையர் எடுத்த கொள்ளளவோடு சரிபார்ப்பு என்பதே குழப்பமில்லாத வழி. டிரோன் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் பார்க்கும். உங்கள் சரளையில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள், அதனால் படகில் போய் ஆழமானியால் அளக்கவேண்டும். வெறும் டிரோன் படத்தைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கல்சலிப்பு
நான்கு குழி போதாது. ஆறு போட்ட படிவு இது, 30 மீட்டர் தள்ளினால் சரளை போய்க் களிப்பட்டை வந்துவிடும். 50 மீட்டர் கட்டத்தில் குறைந்தது 16 இடம் பாருங்கள்.

எஸ்கவேட்டர் குழியை நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வாளி மேலே ஏறும்போதே பொடியும் களியும் கழுவிப் போய்விடும். மேலே வருவது பளபளவென்ற சுத்தச் சரளை. சலித்துப் பார்த்து "களி 4 விழுக்காடுதான்" என்று எழுதிவிடுவார்கள். ஆலை ஓட ஆரம்பித்தால் 12 வரும். கீழ்ப்பகுதிக்குக் குழாய் இறக்கித் துளைக்கவேண்டும். வெள்ளீயச் சுரங்கக் காலத்துப் பங்கா துளையின் தத்துவம் அதுதான்: குழாய் முன்னே இறங்கும், உள்ளே இருப்பது மட்டும் மேலே வரும். பக்கத்துச் சுவர் சரிந்து கலக்காது.

கையில் எடுத்துப் பார்ப்பதையும் விடாதீர்கள். பந்தளவு கல் பத்தைப் பொறுக்கிச் சுத்தியலால் தட்டுங்கள். மலைத்தொடரின் கிரானைட் இந்த வெயிலிலும் மழையிலும் உள்ளுக்குள் மக்கும், அதிலுள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெள்ளைக் களியாகிவிடும். வெளியே முழுசாகத் தெரியும் கல் தட்டினதும் "பொத்" என்று உடைந்து, விரலில் மாவாக ஒட்டினால் அது கான்கிரீட்டுக்கு ஆகாது. "கிணிங்" என்று தெறித்தால் நல்ல கல். வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல் அசையாது. மக்கின கல் எத்தனை விழுக்காடு என்பதில்தான் உங்கள் விலை இருக்கிறது.

களிக்கு எளிய சோதனை ஒன்று: கண்ணாடி உருளையில் 1 விழுக்காடு உப்புநீர் ஊற்றி, சலித்த மணலைப் போட்டுக் குலுக்கி 3 மணி நேரம் வையுங்கள். மணல் உயரத்தில் மேலே படிந்த வண்டல் 8 விழுக்காட்டைத் தாண்டினால் கழுவாமல் விற்கமுடியாது. உங்கள் பக்கத்து மண்ணுக்குக் கழுவல் உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

232,000 டன்னில் விற்பனைக்கு 80 விழுக்காடு என்றால் 185,000 டன். வண்டல் 12, பெருங்கல்லும் மக்கின கல்லும் 8. இது திட்டமிட எடுத்த கணக்கு. துளைச் சோதனை வந்ததும் இந்த மூன்று எண்ணையும் மாற்றிப் போடுங்கள்.

பழைய_கிராணி
பங்கா என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் பக்கம் வெள்ளீயப் பூமி. துளை மண்ணை துலாங்கில் (அலசும் மரத்தட்டு) அலசிக் கறுப்பு மணல் அடியில் தங்கினால் அது ஈயத் தாதுவாக இருக்கலாம், உடனே ஜேஎம்ஜிக்கு (கனிம, புவி அறிவியல் துறை) தெரிவியுங்கள். ஈயம் கனிமம், 4சிக்குள் அடங்காது, அதற்குத் தனி உரிமம். கழுவலில் மிஞ்சும் அமாங்கில் (கனமான கனிம மணல்) மோனசைட் என்ற கனிமம் இருந்தால் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கும், அப்போது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் வரும். "சும்மா கறுப்பு மணல்" என்று யாரும் இலவசமாக ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள்.

மூனாவது_தீம்பார்
கழுவல் தண்ணீரை ஆற்றில் விடமாட்டோம், ஒரு குட்டை வெட்டிக்கொள்வோம் என்கிறார். குட்டை எவ்வளவு பெரிசு இருக்கவேண்டும்?

கல்சலிப்பு
"ஒரு குட்டை" என்பதை விடுங்கள், எந்த அளவு துகளுக்கு என்று கேளுங்கள்.

மணிக்கு 100 டன் ஆலை, டன்னுக்கு ஒன்றரை கனமீட்டர் தண்ணீர் என்றால் மணிக்கு 150 கனமீட்டர் கலங்கல். நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டில் 20 மைக்ரான் துகள் நொடிக்கு 0.43 மில்லிமீட்டர் இறங்கும். அதைப் பிடிக்க 100 ச.மீ. போதும். 5 மைக்ரானுக்கு வேகம் பதினாறில் ஒரு பங்கு, பரப்பு 1,550 ச.மீ. காற்றும் நீரோட்டச் சுழலும் கெடுப்பதற்கு இரட்டிப்பாக்கி 3,000 ச.மீ. என்று வையுங்கள். 1 மைக்ரான் வெள்ளைக் களிக்கு 39,000 ச.மீ.! உங்கள் குழி மொத்தமே 36,000.

ஆக, வெள்ளைக் களியை வெறும் குட்டையால் பிடிக்கமுடியாது. படிகாரமோ பாலிமரோ போட்டுத் திரட்டவேண்டும். அளவை ஜாடிச் சோதனையில் கண்டுபிடிக்கவேண்டும், கூடுதலாகப் போட்டால் திரளாமல் மறுபடி கலைந்துவிடும். வெளியேறும் தண்ணீருக்குத் தொங்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஏ தரம், 100 பி தரம் என்பது 2009 தொழிற்கழிவு விதி. உங்கள் ஆற்றில் கீழே குடிநீர் எடுக்கும் இடம் இருந்தால் 50. அந்த எண்ணைத் துரத்துவதைவிடத் தண்ணீரை வெளியே விடாமல் சுற்றிவிடுவது மலிவு. மூன்று குட்டை வரிசை, கடைசிக் குட்டையிலிருந்து பம்ப் ஆலைக்குத் திரும்பவேண்டும்.

ஆனால் முதல் நாள் குட்டை எங்கே வரும்? குழி இன்னும் தோண்டவில்லையே. அதனால் முதல் மூன்று மாதம் கழுவல் வேண்டாம். கழுவாத சரளையாகவே சாலை அடித்தளத்துக்கு விற்று, அந்தப் பள்ளத்தை முதல் குட்டையாக்குங்கள். இதைச் சொல்லாமல் குட்டைக்கென்று நல்ல நிலத்தைத் தனியே வெட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரிட்
தண்ணீர் பற்றி மூன்று விஷயம்.

ஒன்று, பம்ப் போட்டு வற்றவைத்துத் தோண்டுவது. 3 மீட்டரிலிருந்து 5.7க்கு இறக்கினால் 2.7 மீ. இழுப்பு. சுத்தச் சரளையில் தண்ணீர் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கசியும் என்றால் இழுப்பின் தாக்கம் 250 மீட்டர் வரை போகும். அந்த வட்டத்துக்குள் லயத்துக் கிணறு, கோயில் கிணறு எல்லாம் வற்றும். மேற்கே ஆறு 30 மீட்டரில், அதனால் நீங்கள் இறைப்பது ஆற்றுத் தண்ணீரையே. ஈரத்திலேயே தோண்டுங்கள். 20 டன் எஸ்கவேட்டர் ஆறரை மீட்டர் வரை இறங்கும் என்று விளம்பரத்தில் இருக்கும். அதற்கு இயந்திரம் விளிம்பிலேயே நிற்கவேண்டும், விளிம்பின் அடியைத் தானே கடிக்கும். நீள்கை இயந்திரம் வாடகைக்கு எடுங்கள், சங்கிலி விளிம்புக்கு 5 மீட்டர் பின்னே நிற்கட்டும். தோண்டினதைக் கரையில் ஒரு நாள் குவித்துத் தண்ணீர் வடியவிட்டுப் பிறகு லோரியில் ஏற்றினால் சாலை நனையாது, போலீஸ்காரரும் நிறுத்தமாட்டார்.

இரண்டு, ஆறு குழிக்குள் புகுவது. நம் மேற்குக்கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டு மழை உச்சம். வெள்ளம் கரை மேட்டைத் தாண்டிக் குழிக்குள் 3 மீட்டர் விழுந்தால் விழுகிற இடத்திலிருந்து பின்னோக்கி அரித்துக்கொண்டே போகும், ஒரே ராத்திரியில் ஆறு குழி வழியாகப் பாதை மாற்றிவிடும். அதற்கு மேல் ஆற்றின் அடிமட்டமும் இறங்கும், மேலே பாலம் இருந்தால் தூணின் அடி வெளியே தெரியும். மேட்டை உயர்த்துவது தீர்வாகாது. ஆற்றின் கீழ்ப்போக்கு மூலையில் 15 மீட்டர் அகலத்துக்கு மேட்டைத் தாழ்த்தி, பெருங்கல் பதித்து, வெள்ளம் அங்கே மெதுவாகப் பின்பக்கமாக ஏறிவரும்படி விடுங்கள். குழி நிறைந்தபின் மேலே தாண்டும் தண்ணீருக்கு விழ உயரம் இருக்காது. சலிப்பில் ஒதுங்கும் பெருங்கல்லுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

மூன்றாவது முக்கியம், ஆனால் எங்கே நிரப்புகிறீர்கள் என்று தெரியாமல் சொல்லமுடியாது. குளமா, செம்பனையா, முடிவாச்சா?

மூனாவது_தீம்பார்
இல்லை. செம்பனைக் கட்சி முழுக்குழியையும் மூடச் சொல்கிறது.

அளவுச்சங்கிலி
மூட மண் எங்கே? கையில் இருப்பது: மேல்மண் 25 செ.மீ., 36,000 ச.மீட்டரில் 9,000 கனமீட்டர். அடிமண் 95 செ.மீ., 34,200. கழுவின வண்டல் 28,000 டன், படிந்தபின் 24,000 கனமீட்டர். மொத்தம் 67,000. பள்ளமோ 170,000க்கு மேல். வெளியிலிருந்து ஒரு லட்சம் கனமீட்டர் வாங்கினால் சரளை விற்ற காசு மண்ணுக்கே போகும். "இலவசமாக மண் கொட்டுகிறேன்" என்று வருகிறவரின் லோரியில் கட்டட இடிபாடும் பெயர் தெரியாத கழிவும் இருக்கும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அது போனால் கிணறுகளுக்கும் போகும்.

நிலத்தடி நீருக்கு மேல் 1.2 மீட்டர் உயரத்துக்கு, அதாவது இப்போதைய தரையைவிட 1.8 மீ. தாழ்வாக நிரப்புவோம் என்றால் 3.9 மீ. கனம் வேண்டும். 67,000க்கு 17,200 ச.மீ. கிடைக்கும். மண் அமுங்குவதில் பத்தில் ஒரு பங்கு போக 15,500, 4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மீதி சரிவோடு சேர்த்து 5 ஏக்கர் குளம். விளிம்பில் 3 ஏக்கர் இப்போதைய உயரத்திலேயே இருக்கும், அதில் ஒரு ஏக்கருக்குமேல் ஆற்று ரிசர்வ். குளமும் செம்பனையும் இரண்டும் வரும். கமிட்டிக்கு வேறு வழி மண் கணக்கில் இல்லை.

மேல்மண்ணைக் குத்தகைக்காரர் ஏற்றிக்கொண்டால் இதில் 9,000 குறையும். செம்பனை ஏக்கர் பாதியாகாது, ஆனால் நடுவதற்கு மண்ணே இருக்காது.

நாற்றங்கால்
கடைசி வரிக்கு வருகிறேன். மேல்மண் விற்பனைச் சரக்கு இல்லை என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 25 செ.மீ. கனத்தில்தான் கரிமமும் வேர்ப் பூஞ்சையும் இருக்கிறது. அதற்கடியில் இருக்கும் செம்மஞ்சள் அடிமண்ணில் நைட்ரஜன் பெயரளவுக்குத்தான்.

உரிக்கும் முறை: மரக்கட்டை, வேர் எல்லாம் பிடுங்கி எடுத்தபின், மண் ஈரம் குறைந்த வாரத்தில், எஸ்கவேட்டரால் உரிக்கவேண்டும். புல்டோசரால் தள்ளினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும், அதைப் பிரிக்க எந்த இயந்திரமும் இல்லை. ஈரமா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குப் புழுவாக நீண்டால் இன்று வேலை வேண்டாம். உதிர்ந்தால் ஆரம்பிக்கலாம்.

குவியல் 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. உள்ளே காற்று போகாமல் புளிக்கும், திறந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். ஏறி மிதிக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்குமேல் நிற்கும் என்றால் பியூரேரியா (மூடுபயிர்க் கொடி) விதைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் லாலாங் என்ற களைப்புல் பிடித்துவிடும், அந்த மண்ணோடு லாலாங் கிழங்கும் திரும்பி வரும்.

ஆனால் 9,000 கனமீட்டர் உதிர்ந்தபின் 11,000 ஆகும். 2 மீட்டர் உயரத்தில் ஒன்றரை ஏக்கருக்குமேல் இடம் கேட்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே அடியாக உரிக்காதீர்கள். பட்டை பட்டையாகப் போனால் முதல் பட்டையின் மண்ணை மட்டும் குவித்தால் போதும். மற்றது உரித்த லோரியிலேயே முந்தின பட்டைக்கு நேரே போய் விழும். குவியலில் கிடக்காத மண்தான் உயிருள்ள மண்.

பாரிட்
பட்டை என்றால் நான்காக வெட்டுங்கள், 45க்கு 200 மீட்டர், ஒவ்வொன்றும் 9,000 ச.மீ. ஆற்றுப் பக்கம் ஆரம்பித்துச் சாலைப் பக்கம் பின்வாங்குங்கள். 1, 2 நிரப்பப்படும், 3, 4 குளம். இதனால் இரண்டு லாபம்: ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவே 30 மீட்டர் கரை 120 மீட்டராக விரியும், லோரி எப்போதும் தோண்டாத கெட்டி நிலத்தில் ஓடும்.

நான் சொன்ன மூன்றாவது விஷயம் இங்கேதான் வருகிறது. நிலத்தடி நீர் தோட்டப் பக்கமிருந்து சரளை வழியாக ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குறுக்கே 90 மீட்டர் அகலத்துக்கு வண்டலும் களியும் கொட்டினால் நிலத்தடியில் அணை கட்டினமாதிரி. தண்ணீர் பின்னுக்கு ஏறும், குளம் உயரும், சாலைக்கு அந்தப் பக்கத்துத் தீம்பாரில் (தோட்டப் பகுதியில்) வேர் ஊறும். பக்கத்துத் தோட்டம் வக்கீல் கடிதம் அனுப்பும்போது காரணமே புரியாது. நிரப்பும்போதே வடகோடியிலும் தென்கோடியிலும் 5 மீட்டர் அகலத்துக்குப் பெருங்கல் வாய்க்கால் ஒன்று குளத்திலிருந்து ஆற்றுப்பக்கச் சரளை வரை விடுங்கள். 90 மீ. நீளம், 3 மீ. உயரம், இரண்டும் சேர்த்து 2,700 கனமீட்டர், பெருங்கல் கையிருப்பில் இருக்கிறது. இருபக்கமும் துணிவடிகட்டி போர்த்தாவிட்டால் ஒரு வருஷத்தில் வண்டல் அடைத்துவிடும். குளத்துக்குத் தனியாக வழிவாய்க் குழாய் ஒன்றும் வையுங்கள், மட்டத்தை நிலைநிறுத்த.

குளக் கரை தண்ணீர்க்கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்றுக்கு நாலு, அலை தின்னும் இடம் அது. தண்ணீருக்கு அடியில் அரை மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் அகலப் படி சுற்றிலும் விடுங்கள். வழுக்கி விழுந்த பிள்ளை அந்தப் படியில் நிற்கும். பழைய ஈயக்குட்டைகளில் அந்தப் படி கிடையாது, கரையிலிருந்து இரண்டாவது அடியே ஆழம்.

கல்சலிப்பு
ஒரு ஓட்டை: சாலைப் பக்கம் 10 மீட்டர் ஒதுக்கத்தில் ஆலை நிற்காது. சலிப்பு, கழுவல், குவியல், எடைமேடை எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஏக்கர். அது 4ஆம் பட்டையின் மேல்தான் உட்காரும், அதன் அடியில் சரளை. ஆலையைக் கழற்றினபின் அந்தச் சரளையை எங்கே கழுவுவது? ஒப்பந்தத்தில் "4ஆம் பட்டை சக்கரத்தில் நகரும் சல்லடையில் கழுவாமல் சலித்து விற்கப்படும், விலை வேறு" என்று இப்போதே எழுதுங்கள். இல்லாவிட்டால் நிலத்தை முடிக்காமல் ஆலை பல வருஷம் அங்கேயே நிற்கும்.

நாற்றங்கால்
நிரப்பும் வரிசை: அடியில் வண்டல், அதன்மேல் அடிமண் குறைந்தது 1 மீட்டர், மேலே மேல்மண் 30 முதல் 40 செ.மீ. வண்டலின்மேல் உடனே இயந்திரம் ஏறக்கூடாது. மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே தயிர். மூங்கில் கழியைக் கையால் அழுத்துங்கள், தோளளவு சுலபமாக இறங்கினால் இன்னும் நேரமாகவில்லை. அடிமண்ணை விளிம்பிலிருந்து மெல்லிய அடுக்காகத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். ஒரே இடத்தில் உயரக் கொட்டினால் வண்டல் பிதுங்கிப் பக்கத்தில் மேடாகக் கிளம்பும்.

மேல்மண்ணை எஸ்கவேட்டர் பின்வாங்கியபடி தளர்வாகப் பரப்பட்டும், பரப்பின இடத்தில் எந்தச் சக்கரமும் ஏறக்கூடாது. லோரி ஓடின தடத்தை 50 செ.மீ. ஆழத்துக்கு ஒற்றைக் கொழுவால் கிழித்துவிடுங்கள், ஈரத்தில் கிழித்தால் கொழு வழுவழுவென்று ஓட்டை போடுமே தவிர மண் உடையாது.

முதல் வருஷம் செம்பனை வேண்டாம். பியூரேரியா, சென்ட்ரோசெமா கலந்த மூடுபயிர் போடுங்கள், வேர்முண்டு நுண்ணுயிர் கலந்து, ராக் பாஸ்பேட்டோடு. மண் சோதனையில் பிஎச் 4.5க்குக் கீழே வந்தால் ஜிஎம்எல் சுண்ணாம்பு (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடுங்கள். சரிவுகளில் வெட்டிவேர், செடிக்குச் செடி 10 முதல் 15 செ.மீ., நெருக்கமாக இல்லாவிட்டால் வேலியாகாது.

பிறகு 9 மீட்டர் முக்கோண நடவு, ஏக்கருக்கு 58 மரம், மொத்தம் 220. செம்பனை மில்லிலிருந்து பழம் எடுத்த வெறுங்குலை கிடைக்கும், அதை மண்ணின்மேல் பரப்புங்கள், ஹெக்டருக்கு 40 டன், ஒற்றை அடுக்காக. குவித்து வைத்தீர்களானால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும்.

பழைய_கிராணி
வைப்புத்தொகையைப் பட்டைப்படி பிரித்து எழுதுங்கள். 1ஆம் பட்டை நிரம்பி மூடுபயிர் பிடித்தபின்தான் 3ஆம் பட்டை மேல்மண்ணில் வாளி இறங்கலாம். இந்த ஒரு நிபந்தனை இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும், ஏனென்றால் அவருக்கு அடுத்த சரளை வேண்டும். "வேலை முடிந்ததும் சீரமைப்பு" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் சிவப்பு மையில் அடியுங்கள்.

மூனாவது_தீம்பார்
எழுதிக்கொண்டேன். கமிட்டிக்குக் கொண்டுபோகும் வரிசை இது, பாருங்கள். 16 துளை, கழுவல் சோதனை. வேலி, கான், கீழ்மூலைத் தாழ்வாய். 1ஆம் பட்டை மேல்மண் 2,250 கனமீட்டர், உதிர்ந்து 2,800, வடக்கு விளிம்பில் நீளமாகக் குவியல். 1ஆம் பட்டை அடிமண் 8,550, உதிர்ந்து 10,700, அதை 3ஆம் பட்டையின் மேல் தற்காலிகமாக. மூன்று மாதம் கழுவாத விற்பனை, அந்தப் பள்ளம் வண்டல் குட்டை. 2ஐ உரித்து 1இல் போடுவது. 3, 4 உரித்து 1, 2 முடிப்பது. கடைசியில் தற்காலிகக் குவியல் 2க்கு.

அளவுச்சங்கிலி
வடக்கு விளிம்பு 10 மீட்டர்தான். 2 மீ. உயரக் குவியலுக்கு அடி அகலம் 10, மேல் அகலம் 4, நீளம் 200 மீட்டர். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் கானும் வேலியும் எங்கே போகும்? முதல் மழையிலேயே மேல்மண் கானில் இறங்கும்.

நாற்றங்கால்
அதை 4ஆம் பட்டையின் ஆலை இல்லாத ஓரத்தில் வையுங்கள். மேல்மண்ணின்மேல் மேல்மண் கிடக்கலாம், கெடாது. அடிமண்ணை அப்படிப் போடக்கூடாது. 3ஆம் பட்டையில் அடிமண் நிற்கப்போகும் இடம், 3 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 4,500 ச.மீ., அதன் மேல்மண் 1,125 கனமீட்டரை முதலில் உரித்துத் தனியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்து அடிமண்ணை அள்ளும்போது எது எங்கே முடிகிறது என்று வாளிக்குத் தெரியாது.

பழைய_கிராணி
அந்த 4,500 ச.மீ. உரிப்பு நான் சொன்ன "3ஆம் பட்டையில் வாளி இறங்கக்கூடாது" நிபந்தனையோடு முட்டும். விதிவிலக்காக, படத்தில் கோடுபோட்டு, அளவோடு எழுதுங்கள்.

மூனாவது_தீம்பார்
சரி, படத்தில் பச்சைக் கோடாகப் போடுகிறேன். 4இன் தெற்கு ஓரம் 3,925 கனமீட்டருக்குப் போதுமா என்று நாளை நாடா பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அளவுச்சங்கிலி
உரித்த 1,125உம் உப்பும், 1,400 என்று வையுங்கள். 4,200க்கு இடம் பாருங்கள்.